மிட்வைஃப் (மருத்துவமாது) ட்ரெயினிங்குக்கு காசு கட்ட முந்தி இத வாசிங்க

கொட்டாஞ்சேனையில எனக்கு தெரிஞ்ச ஒரு அம்மா தாலிக்கொடிய செட்டியார் தெருவில அடகு வெச்சுத்தான் மகள ஒரு நர்சிங் கோர்ஸ்ல சேர்த்தாங்க. மிட்வைஃபரியும் சேர்த்துத்தான் படிப்பிக்கிறம்னு அங்க சொன்னாங்களாம். பிள்ளை படிச்சு முடிச்சு சர்டிபிகேட்டோட வேலை தேடி போனப்பதான் தெரிஞ்சது, அது வயசானவங்கள வீட்டுல பாத்துக்குற வேலைக்கான சர்டிபிகேட். நகை இன்னும் மீளல. இப்பிடி கேட்டு கேட்டு அலுத்துப் போய்த்தான் எழுதுறன்.

முதல் விஷயம், அரசாங்க நர்ஸ் ட்ரெயினிங்குக்கும் மிட்வைஃப் ட்ரெயினிங்குக்கும் கோர்ஸ் ஃபீஸ்னு ஒன்னு கிடையாது. நர்ஸுக்கு 3 வருசம், மிட்வைஃபுக்கு 18 மாசம், சுகாதார அமைச்சுதான் எடுக்குது, படிக்கிற காலத்துல மாசா மாசம் ஒரு அலவன்சும் தாறாங்க. அது சம்பளம் இல்ல, அத நம்பி வீட்டுக்கு காசு அனுப்பலாம்னு நினைக்காதீங்க. யூனிஃபார்ம், சப்பாத்து, சாப்பாடு, பஸ் எல்லாத்துக்கும் கையிலயும் கொஞ்சம் வேணும், அலவன்ஸ் தொடக்கத்துல நேரத்துக்கு வந்து சேராம கஷ்டப்பட்ட பிள்ளைகள எனக்கு தெரியும். அதனால கடன் வாங்குறதுன்னா அந்த முதல் சில மாசத்துக்கு மட்டும் அளவா வாங்குங்க, லட்சக்கணக்குல தேவையே இல்ல.

இதுக்கு அப்ளிகேஷன் கூப்பிடுற கெசட் (அரசாங்க வர்த்தமானி) வெள்ளிக்கிழமையில வாறது, நெட்டுல தமிழ்லயும் சும்மா பாக்கலாம், ஃபார்ம் விக்கிறவனுக்கு காசு குடுக்காதீங்க. தேடுறப்ப மருத்துவமாதுன்னு மட்டும் தேடினா தவறிடும், குடும்ப சுகாதார சேவைன்னும் போடுவாங்க, ரெண்டையும் பாருங்க. பிறகு கண்ணுல எண்ணெய் ஊத்திட்டு பாக்க வேண்டியது ஏஎல் எந்த வருசம்னு கேட்டிருக்காங்க, மூணு பாடமும் ஒரே ஷையில (ஒரே தடவை எழுதின பரீட்சையில) பாஸாகணுமா, வயசு எந்த தேதிக்கு கணக்கு, உயரம் எவ்வளவு. ஃபர்ஸ்ட் ஷையில ரெண்டும் செகண்ட் ஷையில ஒன்னும்னு சேர்த்து கணக்கு காட்டி நிராகரிக்கப்பட்ட பிள்ளைகள் நிறைய. எந்த ஸ்ட்ரீம்ங்கிற விஷயமும் எப்பவும் ஒரே மாதிரி இருந்ததில்ல, அதனால பக்கத்து வீட்டு அக்கா எப்பிடி போனாங்கன்னு கேட்டு முடிவு எடுக்காதீங்க, அவங்க போனது அவங்க காலத்து கெசட்ல.

இனி உண்மையான தலைவலி. பதிவு விலாசம். கொழும்புல வாடகைக்கு இருக்குற எங்கட ஆக்கள் பாதிப் பேரோட பேர் இங்க வாக்காளர் லிஸ்ட்ல இல்ல, ஹட்டன்லயோ பதுளையிலயோ ஊர் வீட்டுல கிடக்கும். வதிவிடச் சான்றுக்கு ஜீ.எஸ். (கிராம சேவகர்) கிட்ட போனா வீட்டுக்காரர் கடிதம் கேப்பார், வீட்டுக்காரர் வரி பிரச்சினைக்கு பயந்து தரமாட்டார், ஊருக்கு போனா அங்க உள்ள ஜீ.எஸ். நீங்க இங்க இல்லையேன்னுவார். இது எல்லாம் முடிஞ்சாலும் பிரதேச செயலகத்துல மேலொப்பம் வேணும், வெள்ளவத்தை பம்பலப்பிட்டி ஆக்கள் திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனை மட்டக்குளி ஆக்கள் கொழும்பு பிரதேச செயலகம், மாறி போய் நாள் வீணாக்காதீங்க. ரெண்டு கிழமைக்குள்ள முடியிற வேலை இல்ல இது, கெசட் வருமுன்னமே லிஸ்ட்ல பேர பதிஞ்சு வைங்க.

பேர் எழுத்தும் அப்பிடித்தான். பர்த் சர்டிபிகேட்ல தமிழ்ல ஒரு மாதிரி, ஐடியில இங்கிலீஷ்ல இன்னொரு மாதிரி, ஏஎல் சர்டிபிகேட்ல இனிஷியல் தலைகீழா. இன்டர்வியூல அந்த மேசைக்கு முன்னால நிக்குறப்ப "இது ஒரே ஆள்தானா"ன்னு கேட்டு திருப்பி அனுப்புவாங்க, ஒரு எழுத்துக்காக ஒரு வருசம் போகும். பரீட்சை சர்டிபிகேட் பெலவத்தையில எடுக்குறப்பவே, ஐடிய பத்தரமுல்லையில எடுக்குறப்பவே எழுத்த ஒன்னுக்கு மூணு தரம் பாருங்க.

மீடியம் போடுற இடத்துலயும் யோசிங்க. தமிழ் மீடியம்னா யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு பக்கம் போட வாய்ப்பு இருக்கு, கொழும்புலயே இருக்கலாம்னு கணக்கு போட்ட குடும்பத்துக்கு அது வேற செலவு. ட்ரெயினிங்குக்கு எடுத்த உடனே பிணையாளர் வெச்சு பாண்ட் (ஒப்பந்தம்) ஒன்னும் எழுதி வாங்குவாங்க, இடையில விட்டுட்டு வெளிநாடு போனா பிணை நின்ற மாமாதான் அகப்படுவார். கையெழுத்து போடுற முதல் அந்த மாமாவுக்கு தமிழ்ல வாசிச்சு காட்டுங்க.

தனியார் இடத்துல கட்டாயம் படிக்கணும்னா ஒரே கேள்வி கேளுங்க, எழுத்துல பதில் வாங்குங்க. இத முடிச்சா இலங்கை தாதியர் பேரவையில நர்ஸா பதியலாமா? மிட்வைஃப்னு சொன்னா, இலங்கை மருத்துவப் பேரவையில மருத்துவமாதா பதியலாமா? "எங்களுக்கு டிவெக் பதிவு இருக்கு"ன்னு சொல்லி மழுப்புவாங்க. டிவெக்னா மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. நாரஹேன்பிட்டியில இருக்குற அந்த ஆணைக்குழு பதிவு தொழிற்பயிற்சி நடத்துறதுக்கான பதிவு, நர்ஸ் பதிவு இல்ல, ரெண்டையும் குழப்புறதுலதான் அவங்கட வியாபாரமே ஓடுது. 2017ல தொடங்கின வட்டியில்லா மாணவர் கடன காட்டியும் சேர்க்கப் பாப்பாங்க. அது அங்கீகரிச்ச தனியார் இடத்துல டிகிரி படிக்கத்தான், டிப்ளோமாவுக்கோ சர்டிபிகேட் கோர்ஸுக்கோ கிடையாது, சேர்ந்த பிறகு இத கண்டுபிடிச்சா கட்டின காச திருப்பி கேட்டு நாய் படாத பாடு படுவீங்க.

அப்ளிகேஷன் பதிவுத் தபால்ல போட்டா அந்த ரிசீட்ட பர்ஸுல வைக்காதீங்க, மை அழிஞ்சிடும், ஃபோட்டோ எடுத்து வைங்க. மாசக்கணக்கா பதில் இல்லைன்னா கவுன்டர் கவுன்டரா அலையாம, 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் சட்டத்துல அமைச்சோட தகவல் அதிகாரிக்கு தமிழ்லயே எழுதுங்க, உங்கட விண்ணப்பம் கிடைச்சதா, ஏன் நிராகரிச்சாங்க, கடைசி ஆளுக்கு எத்தனை புள்ளின்னு கேளுங்க. 14 வேலை நாளுக்குள்ள குடுக்குறதா இல்லையான்னு அவங்க முடிவு சொல்லணும். ட்ரெயினிங்குக்கு எடுக்குற லிஸ்ட்ல பேர் ஏத்தி தாறன்னு காசு கேக்குறவன் வந்தா இலஞ்ச ஆணைக்குழு நம்பர் 1954.