ஓயா உருட்டல்: ஒரு சொல் விளக்கம்

இரவில் மணி பார்க்கக் கைப்பேசியை எடுக்கிறோம். திரையில் ஓர் அறிவிப்பு. தொட்டால் ஒரு காணொளி. கட்டைவிரல் மேல்நோக்கி ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. அரை மணி கழித்துக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்த பிறகுதான், மணி பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வருகிறது.

இந்தப் பழக்கத்தின் ஒரு வகைக்கு டூம்ஸ்க்ரோலிங் என்று பெயர். கெட்ட செய்திகளையே தேடித் தேடித் தள்ளிக்கொண்டிருப்பது. பெருந்தொற்றுக் காலத்தில் பரவிய சொல். ஆஸ்திரேலியாவின் மக்குவாரி அகராதி 2020ஆம் ஆண்டின் சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தது. ‘டூம்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் தீர்ப்பு என்று பொருள். இறுதித் தீர்ப்பு நாள் என்ற வழக்கின் வழியாக அது அழிவைக் குறிக்கத் தொடங்கியது.

சுவையான கதை, சுருளையும் திரையை உருட்டுவதையும் குறிக்கும் ‘ஸ்க்ரோல்’ என்பதில் இருக்கிறது. அதன் மூதாதை பழைய பிரெஞ்சுச் சொல். எழுதுவதற்கான தோல் துண்டைக் குறித்தது. அதற்கும் பின்னால் இருக்கும் ஜெர்மானிய வேரின் பொருள், வெட்டியெடுத்த துண்டு. சுருட்டுவதைக் குறிக்கும் ‘ரோல்’ பிற்காலத்தில் வந்து ஒட்டி அதன் உருவத்தை மாற்றியது. ஆக, சுருளுக்கு முதலில் இருந்த அடையாளம் அதன் வெட்டுவாய். எங்கோ தொடங்கி எங்கோ முடிந்தாக வேண்டிய பொருள் அது. கணினித் திரையிலும் பக்கத்தின் அடிக்குப் போனால் ‘அடுத்த பக்கம்’ என்று ஒரு பொத்தான் நிற்கும். அங்கே கை ஒரு கணம் தயங்கும். 2006இல் ஏஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய, தள்ளத் தள்ளப் பக்கம் நீண்டுகொண்டே போகும் முடிவிலா உருட்டல் அந்தத் தயக்கத்தை எடுத்துவிட்டது. பின்னாளில் அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். வெட்டுத்துண்டு என்று பிறந்த சொல், யாரும் வெட்டாத ஒன்றுக்குப் பெயராகிவிட்டது.

தமிழில் என்ன சொல்லலாம்? பெயர்ச்சொல்லுக்குச் ‘சுருள்’ இருக்கிறது. ஓலைச்சுருள் நமக்குப் பழகியதுதான். வினைக்கு ‘உருட்டு’ பொருந்தும். கணினித் தமிழில் திரையோரத்து ஸ்க்ரோல் பாருக்கு ‘உருள்பட்டை’ ஏற்கெனவே புழங்குகிறது. எனக்கு இந்தச் சொல் பிடிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: இருட்டில் பூனை பாத்திரத்தை உருட்டுகிறது என்கிறோம் அல்லவா? பத்துப் பாத்திரத்தில் ஏதோ ஒன்றில் ஏதாவது இருக்கும் என்ற நப்பாசை. எப்போது தானியம் விழும் என்று கணிக்க முடியாதபோது புறாக்கள் விடாமல் கொத்திக்கொண்டே இருந்ததை உளவியலாளர் ஸ்கின்னர் சோதித்துக் காட்டியிருக்கிறார். நம் விரலும் அப்படித்தான் உருட்டுகிறது.

‘பேரழிவு உருட்டல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மலை சரிவதைப் போல ஒலிக்கிறது. சிரிப்புக் காணொளிகளில் கரையும் நேரத்தை அது தொடுவதும் இல்லை. ‘ஓயா உருட்டல்’ இரண்டுக்கும் பொருந்தும். பேச்சுவாக்கில் ‘விரல் போன போக்கு’ என்றாலே போதும். கால் போன போக்கை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இதற்கு எதிர்ச்சொல்லாக எல்லோரும் சொல்வது ஃபோகஸ். லத்தீனில் அதற்கு அடுப்பு என்று பொருள். ஒளி குவியும் புள்ளிக்கு அதைப் பெயராக வைத்தவர் வானியலாளர் கெப்ளர், 1604இல். தமிழில் ‘குவிதல்’. விரிந்த இதழ்கள் கூம்புவதும் குவிதல்தான், இரு கைகள் சேர்வதும் குவிதல்தான். ‘கவனம் செலுத்து’ என்பதில் ஏவலின் அதட்டல் இருக்கிறது. குவிவதோ சுற்றிலும் இழுப்பவை விலகினால் தானாக நடப்பது. கைப்பேசியை அடுத்த அறையில் வைப்பது, அறிவிப்புகளை அணைப்பது, திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவது எல்லாம் அந்த விலக்கல்கள். நான் செய்தது இன்னும் எளிது: கட்டிலருகே ஒரு மேசைக் கடிகாரம் வாங்கி வைத்தேன். இப்போது இரவில் விழித்தால் மணி மட்டும் தெரிகிறது.