டிஎன்ஏ நன்றாகத்தான் வந்தது, மாதிரிதான் கெட்டுப்போயிருந்தது

போன வாரம் ஒரு முனைவர் பட்ட மாணவியை உட்காரவைத்து, அவருடைய சீக்வென்சிங் முடிவுகளைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. இலையில் எந்தெந்த நுண்ணுயிர்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அவற்றின் டிஎன்ஏவைப் படித்துச் சொல்லும் சோதனை அது. 40 இலை மாதிரிகள், முதல் களப்பணி. ஏறக்குறைய எல்லாவற்றிலும் சூடோமோனாஸ் என்ற ஒரே பாக்டீரியாப் பேரினம் மற்றவற்றை அமுக்கிவிட்டு நின்றது. பாறைச் சரிவில் வெயில் காய்ந்த மரத்து இலையும் ஓடைக்கரை மரத்து இலையும் ஒன்றுபோலவே இருந்தன. "ரெண்டு இடத்துக்கும் வித்தியாசம் இல்லைன்னு எழுதலாமா மேடம்?" என்று கேட்டார்.

எழுத முடியாது. பறித்த இலைகளை ஜிப் கவரில் போட்டு, கவரைத் தோள்பையில் வைத்து, மூன்றாம் நாள்தான் ஃபிரீசருக்குக் கொண்டுவந்திருக்கிறார். கவரின் உள்பக்கம் வியர்த்து நீர் கோத்திருந்ததை அவரே சொன்னார். மரத்தில் என்ன இருந்தது என்பதை அந்த மாதிரிகள் எப்போதோ மறந்துவிட்டன.

இந்த ஆண்டில் இப்படி என் மேசைக்கு வந்த நான்காவது தொகுப்பு இது. நான்கு பேரும் உழைப்பாளிகள். நான்கு பேரும் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "ஆனா டிஎன்ஏ நல்லாத்தானே வந்தது?"

இந்த எண்ணத்தை எப்படியாவது மாற்றியாக வேண்டும். டிஎன்ஏ சிதைந்துவிடக் கூடாது என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். இலையில் நுண்ணுயிர் பார்ப்பவர் முதலில் பயப்பட வேண்டியது, டிஎன்ஏ கூடிவிடுமே என்றுதான். இலையைக் காம்போடு கிள்ளிய பிறகும் அதன் மேல் இருப்பவை உயிரோடுதான் இருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் இலைப்பரப்பில் பத்து லட்சம் முதல் ஒரு கோடி பாக்டீரியா செல்கள் இருப்பது சாதாரணம். மரத்தில் இருக்கும்வரை அவற்றுக்குக் கஷ்ட ஜீவனம்: வெயில், புற ஊதாக்கதிர், வறட்சி, கிடைப்பது துளித்துளிச் சர்க்கரை. கவருக்குள் எல்லாமே தலைகீழ். ஈரம் உண்டு, வெயில் இல்லை, கசங்கிய இடத்திலும் வெட்டிய இடத்திலும் இலைச்சாறு கசிகிறது. சீக்கிரம் பெருகத் தெரிந்த ஒன்றிரண்டு இனங்கள் பெருகுகின்றன. மற்றவை இருந்தபடி இருக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் செல்லில் ஒன்றாக இருக்கும் ஒரு பாக்டீரியா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் 12 இரட்டிப்பு; ஒன்று 4,096 ஆகிவிடும். மீதி 999 அப்படியே இருந்தால், மறுநாள் மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். சீக்வென்சிங் நமக்குத் தருவது விகிதத்தை. ஒன்று வீங்கினால் மற்றவையெல்லாம் காணாமல்போனது போலத் தெரியும். எந்த மென்பொருளாலும் இதைப் பின்னோக்கித் திருப்ப முடியாது.

டிஎன்ஏ அளவு நன்றாக வந்தது என்பதும் எதற்கும் சான்று இல்லை. இலையிலிருந்து எடுக்கும் டிஎன்ஏவில் பெரும்பங்கு செடியுடையது. டிஎன்ஏ தூய்மையாக இருக்கிறது என்று கருவி காட்டும் 1.8 என்ற விகிதத்துக்கு எது செடி, எது பாக்டீரியா என்று தெரியாது. பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவைப் பெருக்கும்போதுகூட, அதே போன்ற மரபணு உள்ள செடியின் பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் நடுவில் புகுந்துகொள்கின்றன. அதற்கு ஏற்ற பிரைமரும் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) தடுப்பானும் உண்டு, அது ஆய்வகத்தில் எங்கள் கவலை. களத்தில் நடப்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

"அப்படின்னா ஃபிரிட்ஜில் வைக்கிறேன்" என்பார்கள். 4 டிகிரியில் வளர்ச்சி மெதுவாகும், நின்றுவிடாது. சூடோமோனாஸில் பல இனங்கள் குளிரிலும் வளரக்கூடியவை. ஐஸ் பெட்டி சில மணி நேரத்துக்குத்தான். அன்று மாலைக்குள் ஃபிரீசருக்கோ டிஎன்ஏ பிரித்தெடுப்புக்கோ போகும் என்றால் சரி, வார இறுதி முழுக்க என்றால் கூடாது. பனிக்கட்டி உருகிய தண்ணீரில் இலை மிதக்கவும் விடாதீர்கள்.

செய்ய முடிந்தால் உடனே உறையவைப்பதுதான் சிறந்தது. திரவ நைட்ரஜன் என்றால் மைனஸ் 196 டிகிரி, டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) என்றால் மைனஸ் 78. டிரை ஐஸ் வைத்த பெட்டியை ஒருபோதும் காற்றுப் புகாமல் மூடாதீர்கள், வெடிக்கும். வண்டியில் கொண்டுபோனால் ஜன்னல் திறந்திருக்கட்டும். உறைந்தது ஒருமுறை உருகினால் செல்கள் உடைந்து, டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதிகள் வெளியே வரும். அதனால் தானாகப் பனி நீக்கிக்கொள்ளும் வகை ஃபிரீசரை நம்பி மாதக்கணக்கில் விடாதீர்கள்.

குளிர் வசதியே இல்லாத காட்டுக்குள் போகிறவர்களுக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். தாவர வகைப்பாட்டுக்காரர்கள் பல பத்தாண்டுகளாக இதைத்தான் நம்புகிறார்கள், அவர்கள் தேவைக்கு இது அருமையானது. நுண்ணுயிருக்கும் உதவும், ஆனால் காய்வது வேகமாக நடக்க வேண்டும். இலை எடையைப்போல் பத்து மடங்காவது சிலிக்கா வேண்டும், ஒரு நாளுக்குள் இலை நொறுங்கும் பதத்துக்கு வர வேண்டும். தடித்த இலையும் சதைப்பற்றுள்ள இலையும் அந்த வேகத்தில் காயாது, உள்ளே பூஞ்சை கிளம்பிவிடும். இலையை மெல்லிய காகித உறையில் வைத்து அதன் பிறகு சிலிக்காவுக்குள் வையுங்கள். சிலிக்கா மணிகள் நேராக உரசினால் மேற்பரப்பில் இருப்பதைச் சுரண்டி எடுத்துவிடும்.

சிலிக்காவைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்துவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அடுப்புச் சூட்டில் ஈரம் போகும், போன பயணத்து இலைத்தூளில் உள்ள டிஎன்ஏ போகாது. கத்தரிக்கோலை எத்தனாலில் துடைப்பதும் இதே கதை. கிருமி சாகும், அதன் டிஎன்ஏ அங்கேயே இருக்கும். நீர்த்த பிளீச்சால் துடைத்து, டிஎன்ஏ இல்லாத நீரால் நன்றாக அலசி, அதன் பிறகு எத்தனால். அலசாமல் விட்டால் பிளீச் உங்கள் மாதிரியின் டிஎன்ஏவையும் தின்றுவிடும்.

பாதுகாப்புத் திரவங்களில் போடுபவர்களுக்கு ஒரு கெஞ்சல்: திரவத்தைக் கீழே ஊற்றாதீர்கள். குழாய் குலுங்கக் குலுங்க இலையின் மேல் இருந்தவை கழன்று அதற்குள்தான் போகின்றன. எத்தனாலைக் கொட்டிவிட்டு இலையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்த குழாய்களைப் பார்த்து நான் உண்மையிலேயே வருந்தியிருக்கிறேன். எத்தனால் என்றால் 95 சதவீதத்துக்குக் குறையாமல், தாராளமாக ஊற்றுங்கள். இலையில் உள்ள நீரே அதை நீர்க்கவைத்துவிடும். ஆர்என்ஏலேட்டர் போன்ற அடர் உப்புக் கரைசல் மெழுகுப் பூச்சுள்ள இலைக்குள் மெதுவாகத்தான் இறங்கும். சிறு துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். அந்த அடர்த்தியில் செல்கள் எளிதில் அடியில் படியாது என்பதால், மையவிலக்குக் கருவியில் சுழற்றுவதற்கு முன் பஃபர் கரைசல் சேர்த்து நீர்க்க வைக்க வேண்டும்.

இலையின் மேல் இருப்பவை வேண்டுமா, உள்ளே வாழ்பவை வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். உள்ளே இருப்பவை என்றால், இலை புதிதாக இருக்கும்போதே மேற்பரப்பைச் சுத்தம் செய்தாக வேண்டும். உறைந்து உருகிய இலையில் செல்கள் உடைந்திருக்கும், பிளீச் உள்ளே இறங்கிவிடும். அதற்குப் பிறகு மேல், உள் என்று பிரிக்க வழியில்லை.

எந்த முறையை எடுத்தாலும் எல்லா மாதிரிக்கும் அதே முறைதான். முதல் நாள் மாதிரி ஐஸில், மூன்றாம் நாள் ஐஸ் தீர்ந்ததால் சிலிக்காவில் என்று வந்தால், நீங்கள் காணும் வித்தியாசம் இடத்தினுடையதா சிலிக்காவினுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. பறித்த நேரத்தையும் பாதுகாத்த நேரத்தையும் இரண்டாகக் குறியுங்கள். இலை நனைந்திருந்ததா, இளசா முற்றலா என்பதையும் எழுதுங்கள். எழுதுவது பென்சிலால், குழாய்க்குள் போடும் காகிதத்துண்டில். மார்க்கர் மை எத்தனால் பட்டால் கரைந்து ஓடும். கையுறையை மரத்துக்கு மரம் மாற்றுங்கள். இலையே போடாத வெற்றுக் குழாயையும் களத்தில் திறந்து, மூடி, மற்றவற்றோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள். உங்கள் கையிலிருந்தும் காற்றிலிருந்தும் டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்டிலிருந்தும் என்னென்ன வந்தன என்று அந்தக் குழாய்தான் சொல்லும்.

அந்த மாணவி அடுத்த பருவத்தில் திரும்பப் போகிறார். இந்த முறை முன்கூட்டியே வந்து பேசினார். முதலில் பத்து இலைகளைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை உடனே உறையவைத்தும் மறு பாதியைச் சிலிக்காவில் வைத்தும் ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறோம். பழைய 40 மாதிரிகளைத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவற்றில் செடியின் டிஎன்ஏ நன்றாகவே இருக்கிறது, எந்த மரம் எந்த இனம் என்று உறுதி செய்ய அது போதும்.