சொல் விளக்கம்: ஏ-டு-எஃப்

சி நிரல்மொழியில் "12.5" என்று மேற்கோள் குறிக்குள் எழுதினால் அது எண் ஆகாது, எண்ணைப் போலத் தெரியும் எழுத்துகள்தான். நினைவகத்தில் 49, 50, 46, 53 என்று நான்கு பைட்டுகள் இருக்கும். இத்தோடு முடிந்தது என்று காட்ட, கடைசியில் ஒரு 0. இதற்குச் 'சரம்' என்ற பெயர் தமிழில் அழகாகப் பொருந்திவிட்டது. கடைசிச் சுழியம்தான் சரத்தின் முடிச்சு. அந்தச் சரத்தைக் கூட்டிக் கழிக்கக்கூடிய எண்ணாக்கித் தரும் செயற்கூறு ஏ-டு-எஃப் (atof).

'ஏ' என்றால் ஆஸ்கி, அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒரு பட்டியல். அதில் 0 முதல் 9 வரையான இலக்கங்களுக்கு 48 முதல் 57 வரை குறியெண்கள். 49-இலிருந்து 48-ஐக் கழித்தால் 1 கிடைக்கும். அதைப் பத்தால் பெருக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்டினால் 12. இப்படியே 125 வரை போய், புள்ளிக்குப் பின் ஓரிலக்கம் இருந்ததால் பத்தால் வகுத்தால் 12.5. அடிப்படை இவ்வளவுதான். "௧௨.௫" என்று தமிழ் இலக்கத்தில் கொடுத்துப் பாருங்கள், 0 என்றுதான் வரும். உலக மொழிகளின் எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் '௧' என்பது 224, 175, 167 என்ற மூன்று பைட்டுகள். முதல் பைட்டிலேயே வேலை நின்றுவிடும்.

'எஃப்' எதைக் குறிக்கிறது என்பதில்தான் குழப்பம். பின்ன எண்களுக்கான 'ஃப்ளோட்' என்ற தரவினத்தை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்தச் செயற்கூறு தருவது பொதுவாக அதைவிடத் துல்லியமான 'டபுள்' என்ற தரவினம்! பெயரில் பிழை இல்லை. 1971-இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பின் கையேட்டிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. சி மொழி பிறந்தது அதன் பிறகு. ஆகவே 'எஃப்' குறிப்பது ஒரு தரவினத்தை அல்ல, மிதக்கும் புள்ளி என்ற முறையையே.

எது மிதக்கிறது? 12.5 இருமத்தில் (0, 1 என்ற இரண்டே இலக்கங்கள் கொண்ட முறையில்) 1100.1. கணினி இதை 1.1001 பெருக்கல் 2-இன் 3-ஆம் அடுக்கு என்று வைத்துக்கொள்கிறது. புள்ளி மூன்று இடம் நகர்ந்துவிட்டது, எத்தனை இடம் என்பதை அடுக்கு சொல்கிறது. தமிழில் மிதவைப் புள்ளி, மிதப்புப் புள்ளி இரண்டும் புழங்குகின்றன. மிதவை என்றால் தெப்பம் என்று பொருள், புள்ளியோ தெப்பம் அல்ல. அதனால் என் ஓட்டு 'மிதப்புப் புள்ளி எண்'ணுக்கு ("ரொம்ப மிதப்புல இருக்கான்" என்பது நினைவுக்கு வந்தாலும் பரவாயில்லை). 'தசம எண்' என்று மட்டும் சொல்லாதீர்கள். உள்ளே இருப்பது இருமம். "0.1" என்ற சரத்தை மாற்றினால் 0.1000000000000000055 என்று தொடரும் ஓர் எண்தான் சேமிக்கப்படும்.

ஒருமுறை என் நிரலில் 10.5 என்று வரவேண்டிய இடத்தில் 1 வந்து நின்றது. உள்ளீட்டுக் கோப்பில் யாரோ சுழியத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டியிருந்தார்கள். ஏ-டு-எஃப் முதல் இலக்கத்தை எடுத்துக்கொண்டு, மீதியைப் பற்றி வாயே திறக்கவில்லை. எண்ணே இல்லாத சரத்துக்கும் 0, உண்மையான "0"-க்கும் 0. எப்படிப் பிரித்தறிவது?

அதற்குத்தான் 1989-ஆம் ஆண்டின் ஆன்சி (அமெரிக்கத் தரநிலை அமைப்பு) தரப்பாட்டில் உள்ள எஸ்டிஆர்-டு-டி (strtod). 'சரத்திலிருந்து டபுளுக்கு' என்று பெயரே இனத்தைச் சொல்லிவிடுகிறது. எந்த எழுத்தில் நின்றேன் என்பதையும் ஒரு சுட்டு (நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டும் மாறி) வழியாகக் காட்டுகிறது. அந்தச் சுட்டு சரத்தின் தொடக்கத்திலேயே நின்றால் எண் எதுவும் கிடைக்கவில்லை. முடிச்சில் நின்றால் முழுச் சரமும் எண்தான். என் கோப்பில் அது அந்த 'ஓ'வின் மேல் நின்றது.