மானோமீட்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

பெங்களூரு பீன்யா பக்கம் பட்டறைகளில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு, கேஸ் அழுத்தம் அளக்கும் இந்த U வடிவக் கண்ணாடிக் குழாய் வெறும் 'யூ டியூப்'. மானோமீட்டர் என்பது பில்லில் ஏறும் பெயர்.

இந்த 'மானோ'வுக்கும் வெப்பமானியில் வரும் நம் 'மானி'க்கும் சம்பந்தமில்லை. மானி, அளவு என்று பொருள்படும் 'மானம்' என்ற வடசொல்லின் வழி வந்தது. மானோவோ கிரேக்க 'மானோஸ்'. அடர்த்தி குறைந்தது, இலேசானது என்று பொருள். 1705 வாக்கில் பியேர் வாரிஞோன் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இப்பெயரைச் சூட்டியபோது, காற்று எவ்வளவு இலேசாக இருக்கிறது என்பதை அளப்பதுதான் எண்ணம். பிற்பாடு அழுத்தம் அளக்கும் கருவிக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

கருவி எளிமையானது. வளைத்த கண்ணாடிக் குழாயில் பாதிவரை தண்ணீர், கண்ணுக்குத் தெரியக் கொஞ்சம் சாயம். ஒரு முனையை ரப்பர் குழாயால் கேஸ் லைனில் மாட்டி, மறுமுனையைத் திறந்தே விட வேண்டும். வீட்டுக் குழாய் கேஸ் ஏறக்குறைய 21 மில்லிபார் அழுத்தத்தில் வரும். வால்வைத் திறந்ததும் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டங்களுக்கும் இடைவெளி சுமார் 21 சென்டிமீட்டர். தண்ணீரின் மேற்பரப்பு ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்திருக்கும், அந்தக் குழியின் அடியைத்தான் படிக்க வேண்டும். அப்புறம் வால்வை மூடிவிட்டுக் காத்திருப்பார்கள். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிவு. அழுத்தம் அதிகமென்றால் தண்ணீர் தாங்காது, அதைவிட 13.6 மடங்கு கனமான பாதரசம் வேண்டும்.

காற்றழுத்தமானி என்று இதைச் சொல்லக்கூடாது, அது பாரோமீட்டரின் பெயர். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் நிற்கும் பாரோமீட்டர்ப் பாதரசம், 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரில் 685 அளவில்தான் நிற்கும். யூ டியூப்புக்கு அந்தக் கவலை இல்லை. திறந்த முனையில் ஊர்க்காற்று அழுத்துவதால், அதைவிட கேஸ் எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே காட்டும்.

பொதுவழக்கில் உள்ள 'அழுத்தமானி' தப்பில்லை. ஆனால் முள் சுழலும் கேஜையும் அப்படியே சொல்கிறோம். 'திரவ அழுத்தமானி' என்றால் திரவத்தின் அழுத்தத்தை அளப்பது என்று ஆகிவிடும். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'திரவக்குழல் அழுத்தமானி' என்பதே என் தேர்வு. நீளம்தான், பட்டறையில் யாரும் சொல்லப் போவதில்லை, பாடப்புத்தகத்துக்கு ஆகும்.

கன்னடத்தில் அழுத்தத்துக்கு 'ஒத்தட' என்பார்கள். நம் ஒத்தடத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. இங்குள்ள ஆஸ்பத்திரிகளில் 'ரக்ததொத்தட' என்று எழுதியிருந்தால் பி.பி. என்று புரிந்துகொள்ளுங்கள். டாக்டர் சொல்லும் 120, 80 என்பவையும் பாதரச மில்லிமீட்டர் கணக்குதான்.