‘கஸ்டடி’: சொல்லும் பொருளும், வக்கீலிடம் அதைக் கேட்கும் முறையும்

“குழந்தை கஸ்டடி கேட்டு கேஸ் போடணும்” என்றுதான் வக்கீல் அலுவலகத்தில் பெரும்பாலோர் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு கோரிக்கைகள் கிடக்கின்றன. பிள்ளை யாரோடு வாழ்வது? பிள்ளைக்காகக் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு? உடன் வாழாத பெற்றோர் எப்போது, எங்கே பார்ப்பது? செலவை யார் தருவது? சட்ட வழக்கில் இவை நான்குக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. ஒன்றைக் கேட்டால் மற்றது தானாக வந்துவிடாது. அதனால் சொல்லைப் பிரித்தறிவது இங்கே வெறும் மொழி ஆர்வம் இல்லை, வழக்குக்கே தேவையான வேலை.

‘கஸ்டடி’ ஆங்கிலத்துக்கு லத்தீனிலிருந்து வந்தது. ‘குஸ்தோஸ்’ என்றால் காவலர். ‘குஸ்தோதியா’ என்றால் காத்தல், காவலில் வைத்தல் இரண்டும். பொருளைப் பத்திரமாக வைத்திருப்பதற்கும் கைதியை அடைத்து வைப்பதற்கும் அந்த மொழியில் ஒரே சொல்தான். ஆங்கிலம் இரண்டு பொருளையும் அப்படியே எடுத்துக்கொண்டது. தமிழ் நாளிதழ் வழியாக நம் காதில் நிலைத்ததோ ‘போலீஸ் கஸ்டடி’ மட்டுமே. பிள்ளையைப் பற்றிப் பேசும்போதும் யாரோ யாரையோ பிடித்து வைத்திருக்கும் தொனி ஒட்டிக்கொள்வதற்கு இதுவே காரணம்.

தமிழில் ‘காவல்’ என்ற சொல்லும் இதே பாதையில் நடந்திருக்கிறது. வயல்காவல், ஊர்க்காவல், காவல் தெய்வம் என்று காப்பதைச் சொன்ன சொல், இன்று காவல் நிலையம், நீதிமன்றக் காவல் என்று குறுகி நிற்கிறது. ஆகவே வேர்ப்பொருளில் மிகச் சரியான ஈடு என்றாலும், ‘குழந்தைக் காவல்’ இன்று உதவாது. ‘காப்புரிமை’ என்று எழுதலாமே என்றால், கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்ட் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது. செய்திகளில் அடிக்கடி வரும் ‘பராமரிப்பு உரிமை’யில் வேறு சிக்கல்: நீதிமன்ற வழக்கில் பராமரிப்பு என்றால் ஜீவனாம்சம். ‘பராமரிப்பு மனு’ என்று படிப்பவர் பணம் கேட்கும் மனு என்றே எடுத்துக்கொள்வார். ‘வளர்ப்பு உரிமை’ காதுக்கு இனிமைதான், ஆனால் வளர்ப்புத் தாய், வளர்ப்பு மகன் என்ற வழக்கு பெறாத உறவைக் குறிப்பதால் அதுவும் இடறுகிறது.

மக்கள் பேச்சில் சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது: ‘பொறுப்பு’. “பிள்ளை அம்மா பொறுப்பில் இருக்கு” என்றால் விளக்கம் வேண்டியதில்லை. எனவே பிள்ளைப் பொறுப்பு என்றே எழுதலாம் என்பது எங்கள் கருத்து. பழைய சொல் வேண்டுவோருக்குப் புறநானூற்றின் 312ஆம் பாட்டில் ‘புறந்தருதல்’ இருக்கிறது. பொன்முடியார் அங்கே பெற்று வளர்ப்பதைத் தாயின் ‘கடன்’ என்கிறார், உரிமை என்று சொல்லவில்லை. இஸ்லாமியச் சட்டத்தில் தாய் பிள்ளையை வைத்து வளர்ப்பதற்கு ‘ஹிஸானத்’ என்று பெயர். அரபியில் அதன் வேர், அணைத்துக்கொள்ளும் மார்புப் பகுதியைக் குறிக்கிறது. இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றான ஹனஃபி முறைப்படி ஆண் பிள்ளைக்கு 7 வயதுவரையும் பெண் பிள்ளைக்குப் பருவமடையும்வரையும் தாய்க்கு இந்த இடம் உண்டு. லத்தீன் காவலரைக் காட்ட, அரபி மடியைக் காட்டுகிறது.

அடுத்தது ‘கார்டியன்’. இதற்குக் காப்பாளர் என்பதே பொருத்தமான தமிழ். பொறுப்பும் காப்பாளர் நிலையும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளை அம்மாவோடு வாழ, சொத்து, வங்கிக் கணக்கு போன்றவற்றில் அப்பா காப்பாளராகத் தொடரலாம். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இயற்கைக் காப்பாளர் தந்தை, ‘அவருக்குப் பிறகு’ தாய் என்கிறது. இந்தப் ‘பிறகு’ என்ற ஒரு சொல்தான் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. தந்தை இறந்த பிறகு என்று மட்டும் அதைப் படிக்கக் கூடாது, அவர் இல்லாத நிலையிலும் பொறுப்பேற்காத நிலையிலும் தாயே காப்பாளர் என்று 1999இல் தீர்ப்பானது. அதே பிரிவு, 5 வயது நிறையாத பிள்ளையின் பொறுப்பு ‘சாதாரணமாக’ தாயிடம் இருக்கும் என்கிறது. ‘சாதாரணமாக’ என்பதை விட்டுவிட்டு, 5 வயதுக்குள் என்றால் கட்டாயம் தாய்க்கே, 5 தாண்டினால் தந்தைக்கே என்று இரு தரப்பும் நம்பி வருவதுண்டு. இரண்டுமே தவறு. 13ஆம் பிரிவின்படி பிள்ளையின் நலமே முதன்மை.

‘விசிட்டேஷன்’ என்பதைப் ‘பார்வையிடும் உரிமை’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அமைச்சர் பார்வையிடுவது அணைக்கட்டை. பெற்றவர் பிள்ளையைச் சந்திக்கிறார், ஆகவே சந்திப்புரிமை என்பதே சரி. ஆங்கிலம் பேசும் நாடுகள் சில இந்தப் பழைய சொற்களையே கைவிட்டுவிட்டன. இங்கிலாந்து 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘கஸ்டடி’யை நீக்கி ‘வசிப்பு’, ‘தொடர்பு’ என்று மாற்றியது. கனடாவின் மணமுறிவுச் சட்டத்தில் 2021 மார்ச் 1 முதல் ‘பேரன்டிங் டைம்’, ‘முடிவெடுக்கும் பொறுப்பு’ என்ற சொற்களே உள்ளன. டொரன்டோவில் வழக்கு நடத்தும் தமிழர்கள் ‘கஸ்டடி’ என்று கேட்டால், எதைக் கேட்கிறார்கள் என்பதை வக்கீல் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். பேரன்டிங் டைமைப் ‘பெற்றோர் நேரம்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம்தான் நினைவுக்கு வரும். ‘உடனிருப்பு நேரம்’ என்பது நன்றாகப் பொருந்துகிறது. இந்தியச் சட்டத்தில் இந்தப் பெயர் இல்லை, ஆனால் கருத்து வந்துவிட்டது: 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், தொலைவில் வாழும் பெற்றோருக்கு வீடியோ அழைப்பு போன்ற வழிகளில் ‘தொடர்பு உரிமை’ தருவதைப் பேசியது.

இனி வக்கீல். ‘வக்கீல்’ அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. ஒருவர் தன் காரியத்தை ஒப்படைத்த ஆள் என்று பொருள். நீங்கள் கையெழுத்திடும் ‘வக்காலத்து’ அந்த ஒப்படைப்புக்கான தாள். தமிழில் வழக்கறிஞர், வழக்குரைஞர். குடும்பநல நீதிமன்றச் சட்டம், 1984இன் 13ஆம் பிரிவின்படி இந்த நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையாகக் கிடைப்பதில்லை, நீதிமன்றத்தின் அனுமதியோடுதான். நடைமுறையில் அனுமதி கிடைக்கிறது. ஆனால் கவுன்சலிங்கிலும் சமரசப் பேச்சிலும் நீங்களே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அதற்கு உங்களைத் தயார்செய்பவரா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சந்திப்புக்குப் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீது, தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டுகள், சம்பளச் சான்று, வேறு வழக்கு எதுவும் இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பள்ளி ரசீது ஏன்? 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் மனு நிற்கும். திருச்சியில் படிக்கும் பிள்ளைக்குச் சென்னையில் ஜி.டபிள்யூ.ஓ.பி. (இந்தச் சட்டத்தின்கீழ் போடும் முதன்மை மனு) தாக்கல்செய்தால், எதிர்த்தரப்பு முதலில் எழுப்பும் ஆட்சேபம் இதுதான். பல மாதங்கள் இதிலேயே போய்விடும், அதற்குள் பிள்ளை உங்களைப் பார்க்காமலே பழகிவிடும். மணமுறிவு வழக்கு ஏற்கெனவே நடந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் அங்கேயே கேட்கலாம். எந்த வழியில் போனாலும், முதன்மை மனுவோடு வழக்கு முடியும்வரை பிள்ளையைச் சந்திக்கக் கோரும் ஐ.ஏ. எனப்படும் இடைக்கால மனுவும் சேர்ந்தே போகட்டும். இதை விட்டுவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை.

கட்டணத்தை மனு தயாரிப்புக்கு எவ்வளவு, வாய்தாவுக்கு எவ்வளவு, மேல்முறையீடு தனியா என்று பிரித்து எழுதி வாங்குங்கள். வாய்தாவுக்கு அவரே வருவாரா, ஜூனியரா என்பதையும் கேளுங்கள். வென்றால் இத்தனை என்று பேரம் பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்கு எதிரானது. “பிள்ளையை வாங்கித் தந்துவிடுகிறேன்” என்று உறுதி சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் கிடைக்கும்: 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆம் பிரிவு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மனுவின் கோரிக்கைப் பத்தியை நீங்களே வரிவரியாகப் படித்துப் பாருங்கள். ‘மாதம் இருமுறை சந்திக்க அனுமதிக்க வேண்டும்’ என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை, எந்த இடம், அழைத்து வருவது யார், திருப்பி விடுவது யார், தேர்வு நாளில் என்ன, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஈடாக எந்த நாள், பொங்கல், தீபாவளி, பிறந்தநாள், கோடை விடுமுறை, வாரத்தில் எத்தனை வீடியோ அழைப்பு, பாஸ்போர்ட் யார் கையில்: இத்தனையும் இருக்க வேண்டும். இடமும் நேரமும் இல்லாத உத்தரவு மீறப்பட்டால், மீறியதை நிரூபிப்பது கடினம்.

‘இறுதி உத்தரவு’ என்ற சொல்லும் இந்த வழக்குகளில் ஏமாற்றும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில், 1973இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் உடைமைப் பொருள் அல்லர் என்றது. பொறுப்பு குறித்த உத்தரவுகள் அன்றைய சூழலுக்கான தற்காலிக உத்தரவுகளே என்றும் சொன்னது. உத்தரவில் பிழை என்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. சூழல் மாறியிருந்தால், அதாவது ஊர் மாற்றம், மறுமணம், நோய், வளர்ந்த பிள்ளையின் விருப்பம் போன்றவை இருந்தால், அந்தச் சான்றுகளோடு உத்தரவை மாற்றக் கோரி அதே நீதிமன்றத்தில் புதிய மனு.