ஃபேன்சி ஸ்டோரும் ஃபேன்டஸி நாவலும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க

ஹிஸ்டாரிக்கல் ஃபேன்டஸிக்கு, அதாவது வரலாற்றுக்குள்ள மந்திரம் மாயமெல்லாம் கலந்த கதைக்கு, தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்? மொதல்ல ஃபேன்டஸிங்கிற சொல்லையே பாப்போம். வளையல், பொட்டு, ஹேர்கிளிப் விக்கிற கடைக்கு ஃபேன்சி ஸ்டோர்னு போர்டு வைக்கிறோம்ல, அந்த ஃபேன்சியும் ஃபேன்டஸியும் ஒரே சொல்லுதான். ஃபேன்டஸியை 15ஆம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷ்காரங்க சுருக்கினதுதான் ஃபேன்சி. மூலம் கிரேக்கச் சொல்லு, ஃபன்டசியா. அதுக்கு அர்த்தம் பொய்யும் இல்ல கனவும் இல்ல, கண்ணுக்குத் தோணுறது, அவ்ளோதான். கிரேக்கத்துல வெளிச்சத்துக்கு ஃபாவோஸ்னு பேரு, வெளிச்சம் இல்லாம எதையும் பாக்க முடியாதே, அதுல இருந்துதான் இந்தச் சொல்லு வந்துச்சுன்னு அரிஸ்டாட்டிலே எழுதி வச்சிருக்காரு.

ஃபேன்டஸின்னா கண்ணுக்குத் தோணுறதுதான்னு எனக்கு உறைச்சது சூசன்னா கிளார்க் 2004ல எழுதின 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரல்' படிச்சப்பதான். தலகாணி சைஸ் புக்கு, மொதல்ல தொடவே பயம், அப்புறம் கீழ வைக்க மனசு வரல. 1806ல கதை ஆரம்பிக்குது, யார்க் நகரத்துப் பெரிய சர்ச்சுல இருக்குற கல்லெல்லாம் திடீர்னு பேசுது, பல நூறு வருஷம் முன்னாடி அங்க நடந்த ஒரு கொலையை, அந்தக் கல்லுங்களைத் தவிர வேற யாருமே பாக்காத கொலையை, ஒரு கல்லு சொல்லுது பாருங்க, அங்கயே நான் விழுந்துட்டேன். நெப்போலியன் சண்டையில பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனோட படை நடக்க மந்திரவாதி ஸ்ட்ரேஞ்ச் மந்திரத்துலயே ரோடு போட்டுக் குடுக்குறாரு. போதாக்குறைக்கு கிட்டத்தட்ட 200 அடிக்குறிப்பு, அதுல பாதி உலகத்துலயே இல்லாத புத்தகங்களுக்கு, இருந்தும் லைப்ரரில போய் தேடலாமான்னு கை பரபரங்குது.

சரி, இந்த ஃபேன்டஸியைத் தமிழ்ல என்ன சொல்றது? கற்பனைன்னா பொதுவாப் போயிடுது, அதுவும் வடமொழி. கனவுருப்புனைவுன்னு சில பேர் எழுதுறாங்க, எனக்கு ஒட்டல, ஏன்னா இந்த மாதிரி நாவல் கனவு மாதிரி மங்கலா இருக்காது, பளிச்சுன்னு இருக்கும். மிகுபுனைவுதான் என் ஓட்டு. புனைன்னா கட்டுறது, அலங்கரிக்கிறது, தீட்டுறது எல்லாம்தான். நெடுநல்வாடைங்கிற சங்கப் பாட்டுல நகை போடாம இருக்குற அரசியை 'புனையா ஓவியம்'னு சொல்றாங்க, அதாவது வண்ணம் தீட்டாத வெறுங்கோட்டுப் படம். அப்போ வரலாறுங்கிற கோட்டுப் படத்துக்கு மேல கலர் அடிச்சா புனைவு, அதுவே நிறைய அடிச்சா மிகுபுனைவு. (பொட்டு வளையல் கடைக்குக்கூட புனைகடைன்னு போர்டு வைக்கலாம் போல!) தொல்காப்பியமும் அகப்பாட்டுக்கு, அதாவது காதல் பாட்டுக்கு, நாடக வழக்கு (புனைஞ்சு சொல்றது), உலகியல் வழக்கு (நிஜத்துல நடக்குறது) ரெண்டும் சேரணும்னுதான் சொல்லுது, கலப்பு நமக்குப் புதுசில்ல.

அதனால ஹிஸ்டாரிக்கல் ஃபேன்டஸின்னா 'வரலாற்று மிகுபுனைவு'. வரலாற்றுப் புதினம்னு மட்டும் போட்டா, ராஜா ராணி கதைன்னு நெனச்சு வாங்குறவங்க மொதல் கல்லு பேசினதுமே கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடுவாங்க.