ஒரு வளைவுக்கு நான்கு புள்ளிகள் போதும்

அச்சகம் ஒன்றில் பக்க வடிவமைப்பாளராகப் பணிபுரியும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். விசிட்டிங் கார்டுக்காக வரைந்த சின்னத்தை இருபதடி பிளெக்ஸ் பேனருக்குப் பெரிதாக்கினாலும் அதன் விளிம்பு பிசிறடிப்பதில்லை, ஆனால் கைப்பேசியில் எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடுகிறது. இது ஏன் என்பது முதல் கேள்வி. வரைகலை மென்பொருளில் வளைவு வரையப் பயன்படும் பென் டூலால் கோடு இழுக்கும்போது புள்ளியின் இருபுறமும் முளைக்கும் அந்த இரண்டு ஹேண்டில்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்பது இரண்டாவது.

முதல் கேள்வியின் பாதி விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான். புகைப்படக் கோப்பில் இருப்பவை வண்ணக் கட்டங்கள். பெரிதாக்கினால் கட்டங்களே பெரிதாகின்றன. வரைந்த சின்னத்தின் கோப்பில் கட்டங்கள் இல்லை. சில புள்ளிகளின் ஆயத்தொலைவுகள் மட்டுமே இருக்கின்றன. மீதிப் பாதி, அந்தச் சில புள்ளிகளிலிருந்து வழவழப்பான ஒரு வளைவு எப்படிப் பிறக்கிறது என்பதில் இருக்கிறது. கணினி வரைகலையில் இவ்வளவு சிறிய கருவியால் இவ்வளவு பெரிய வேலை நடக்கும் இடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இது பிரான்சின் கார் தொழிற்சாலைகளில் தொடங்கியது. காரின் உடலை முதலில் களிமண்ணில் வடித்து, பிறகு முழு அளவில் தாளில் வரைந்து, அதிலிருந்து மர மாதிரியும், தகடு அழுத்தும் டையும் செய்வது அக்காலத்து வழக்கம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் வளைவு சற்றே மாறிவிடும்; எது சரியான வளைவு என்று வடிவமைப்பாளரும் பட்டறைக்காரரும் வாதாட நேரும். எண்களைக் கொண்டு இயங்கும் கடைசல் இயந்திரங்கள் வந்தபோது, வளைவையே எண்களாகச் சொல்லியாக வேண்டிய தேவை பிறந்தது. 1958-இல் சிட்ரோயன் நிறுவனத்தில் சேர்ந்த கணிதவியலாளர் பால் டி காஸ்டல்ஜோ மறு ஆண்டே அதற்கு வழி கண்டார். நிறுவனம் அதைத் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்தது. ரெனோ நிறுவனத்தின் பொறியாளர் பியேர் பெசியே 1960களில் தனியாக அதே வளைவுகளை வேறொரு பாதையில் எட்டி, அவற்றைக் கட்டுரைகளாக வெளியிட்டார். அதனால்தான் இன்று அவை பெசியே வளைவுகள் என்று அழைக்கப்படுகின்றன. காஸ்டல்ஜோவின் பங்கு வெளியுலகுக்குத் தெரியவர 1970களாயிற்று. இருந்தாலும் அந்த வளைவை வரையும் முறைக்கு அவர் பெயரே நிலைத்திருக்கிறது.

அந்த முறையை ஒரு கட்டத்தாளில் யாரும் செய்து பார்க்கலாம். (0, 0), (0, 8), (8, 8), (8, 0) என்ற நான்கு புள்ளிகளைக் குறித்து, அதே வரிசையில் மூன்று நேர்கோடுகளால் இணையுங்கள். வளைவின் வடிவை முடிவு செய்யும் இந்த நான்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். முதலும் கடைசியும் வளைவின் இரு முனைகள். நடுவில் உள்ள இரண்டும் நம் வாசகர் கேட்ட ஹேண்டில்களின் நுனிகள். இப்போது மூன்று கோடுகளுக்கும் நடுப்புள்ளி காணுங்கள்: (0, 4), (4, 8), (8, 4). இந்த மூன்றையும் இணைத்தால் இரண்டு கோடுகள் கிடைக்கும்; அவற்றின் நடுப்புள்ளிகள் (2, 6), (6, 6). இவ்விரண்டையும் இணைத்தால் ஒரே கோடு. அதன் நடுப்புள்ளி (4, 6). இந்தக் கடைசிப் புள்ளி வளைவின் மீது இருக்கிறது. அதை அடைய ஆறு முறை நடுப்புள்ளி கண்டோம், அவ்வளவுதான்.

நடுவில் வெட்டுவதற்குப் பதில் ஒவ்வொரு கோட்டையும் கால் பங்கில் வெட்டினால் வளைவின் வேறொரு புள்ளி கிடைக்கும், முக்கால் பங்கில் வெட்டினால் இன்னொன்று. வெட்டும் விகிதத்தை 0-இலிருந்து 1 வரை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், அந்தக் கடைசிப் புள்ளி நகரும் தடமே முழு வளைவு. கடைசியாக வரைந்த (2, 6), (6, 6) கோடு வளைவை அந்தப் புள்ளியில் தொட்டுச்செல்லும் தொடுகோடாகவும் அமைந்துவிடுகிறது. இதையே வளைவின் தொடக்க முனையில் பார்த்தால், அங்கே தொடுகோடாக இருப்பது முதல் ஹேண்டிலேதான். அதாவது, முனையை விட்டு வளைவு எந்தத் திசையில் புறப்பட வேண்டும் என்பதை ஹேண்டிலின் திசை சொல்கிறது. அந்தத் திசையை எவ்வளவு தூரம் விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்பதை அதன் நீளம் சொல்கிறது. அடுத்தடுத்த இரு வளைவுகள் சேரும் புள்ளியில் இரு ஹேண்டில்களும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் அங்கே முனை மடங்காமல் வழவழப்பாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

ஆனால் இந்த முறையில் என்னை வியக்கவைப்பது வேறொன்று. நாம் வழியில் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்ட புள்ளிகளைத் திரும்பப் பாருங்கள். (0, 0), (0, 4), (2, 6), (4, 6) ஆகிய நான்கும் வளைவின் இடப்பாதிக்கு உரிய புதிய கட்டுப்பாட்டுப் புள்ளிகள். (4, 6), (6, 6), (8, 4), (8, 0) ஆகியவை வலப்பாதிக்கு உரியவை. ஒரு புள்ளியைக் கணக்கிடப் போன இடத்தில், முழு வளைவும் இரண்டு சிறிய பெசியே வளைவுகளாகத் தன்னைத்தானே பிரித்துக் கொடுத்துவிட்டது! அந்தப் பாதிகளையும் அதேபோல் பாதியாக்கலாம், அவற்றின் பாதிகளையும் கூட. ஒவ்வொரு முறை பாதியாக்கும்போதும், துண்டு நேர்கோட்டிலிருந்து விலகும் தொலைவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. பத்து முறை பாதியாக்கினால் அந்த விலகல் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அச்சு இயந்திரத்தால் வேறுபடுத்த முடியாத அளவுக்கு விலகல் சிறுத்ததும், ஒவ்வொரு துண்டையும் நேர்கோடாகவே வரைந்துவிடலாம். சின்னத்தைப் பேனர் அளவுக்குப் பெரிதாக்கும்போது கணினி பெருக்குவது கட்டுப்பாட்டுப் புள்ளிகளை மட்டுமே. அதன் பிறகு இன்னும் சில முறை பாதியாக்குகிறது, விளிம்பு பிசிறின்றி நிற்கிறது. கூட்டுவதும் இரண்டால் வகுப்பதும் போதும் என்பதால், பழைய மந்தமான கணினிகளுக்கும் இது எளிதாகவே இருந்தது.

இதே கணக்கை இயற்கணிதமாக விரித்தால், நடுப்புள்ளியில் நான்கு புள்ளிகளின் பங்குகள் 1/8, 3/8, 3/8, 1/8 என்று வரும். 1, 3, 3, 1 என்பது பள்ளியில் படித்த பாஸ்கல் முக்கோணத்தின் வரிசை. ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டினால் தலை ஒருமுறையும் விழாமலும், ஒருமுறை, இருமுறை, மும்முறை விழுந்தும் அமைவதற்கான நிகழ்தகவுகளும் இவையே. விழுந்த தலைகளின் எண்ணிக்கைப்படி நான்கு புள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டே போனால், தேர்ந்த புள்ளிகளின் சராசரி இடம் (4, 6)-ஐ நெருங்கும். கால் பங்கு விகிதத்துக்கு, நான்கு முறை சுண்டினால் ஒருமுறைதான் தலை விழும் என்ற கணக்கில் சாய்ந்த நாணயம் வேண்டும்.

இந்தத் தொடர்பு தற்செயலன்று. உக்ரைனின் கார்கிவ் நகரில் பணியாற்றிய கணிதவியலாளர் செர்கெய் பெர்ன்ஸ்டைன் 1912-இல், தொடர்ச்சியான எந்தச் சார்பையும் பல்லுறுப்புக்கோவைகளால் வேண்டிய அளவு நெருங்கலாம் என்ற, ஜெர்மானியக் கணிதவியலாளர் வையர்ஸ்ட்ராஸின் தேற்றத்துக்கு, நிகழ்தகவைக் கொண்டு மிக எளிய நிரூபணம் ஒன்றை அளித்தார். அதற்காக அவர் உருவாக்கிய கோவைகள்தான் பெசியே வளைவுக்குள் இருப்பவை. அவை இலக்கை நெருங்கும் வேகம் மிகக் குறைவு என்பதால், நடைமுறைக் கணக்கீட்டுக்கு உதவாதவை என்று நெடுங்காலம் கருதப்பட்டன. எது குறையாகத் தெரிந்ததோ அதுவே பிறகு வலிமையாயிற்று; இழுத்த இழுப்புக்குத் துள்ளாமல், கட்டுப்பாட்டுப் புள்ளிகள் அடைக்கும் பரப்பை விட்டு வெளியே போகாமல், நிதானமாக வளையும் கோடுதான் வடிவமைப்பாளருக்குத் தேவைப்பட்டது. நிதி கேட்டு வரும் ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்திடமும் மூன்றாண்டில் என்ன பொருள் உருவாகும் என்று எழுதித்தரச் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் வலுத்து வருகிறது. அந்தப் படிவத்தை 1912-இல் நீட்டியிருந்தால், கார், அச்சு, எழுத்துரு ஆகிய மூன்றில் எதையும் பெர்ன்ஸ்டைனால் எழுதியிருக்க முடியாது. தூய கணிதத்துக்குக் கொடுக்கும் பணத்தை அவசரமின்றிக் கொடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கார்த் தொழிற்சாலையிலிருந்து எழுத்துக்கு இந்த வளைவு தாவியதை விரைவாகச் சொல்லிவிடலாம். பக்கத்தில் எதை எங்கே வரைய வேண்டும் என்று அச்சுப்பொறிக்குச் சொல்லும், 1984-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி நான்கு புள்ளி வளைவைக் கையாண்டது. 1991-இல் ஆப்பிள் கொண்டுவந்த ட்ரூடைப் எழுத்துருக்கள் மூன்று புள்ளிகளோடு நின்றன. இரண்டாலும் முழு வட்டத்தைத் துல்லியமாக வரைய முடியாது. ஆனால் ஆரத்தில் 0.5523 பங்கு நீளமுள்ள ஹேண்டில்களால் கால்வட்டத்தை வரைந்தால், நான்கு புள்ளி வளைவின் பிழை 0.03 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை.

2016-இல் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய நான்கும் சேர்ந்து அறிவித்த மாறும் எழுத்துருக்கள் இதே எண்ணத்தை ஒரு படி மேலே கொண்டுபோயின. ஓர் எழுத்தின் மெல்லிய வடிவத்தையும் தடித்த வடிவத்தையும் மட்டும் வரைந்து கொடுத்தால், ஒன்றிலுள்ள ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் புள்ளியும் மற்றதிலுள்ள தன் இணைப் புள்ளியை நோக்கி நேர்கோட்டில் நகர்ந்து, இடைப்பட்ட எந்தத் தடிமனையும் தந்துவிடும். இங்கேயும் நடப்பது இரு புள்ளிகளுக்கு இடையில் விகிதம் பார்த்து வெட்டும் அதே கணக்குதான். இதற்கு இரு வடிவங்களிலும் புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் தமிழ் எழுத்துரு வடிவமைப்பாளரின் வேலை கடினமாகிறது. 'ண'கரத்தின் சுழிகளைத் தடிமனாக்கும்போது உள்ளிருக்கும் வெற்றிடம் அடைபட்டுவிடாமல் சுழியை அகலமாகத் திறக்க வேண்டும். அப்படித் திறந்த வடிவத்துக்கும் மெல்லிய வடிவத்துக்கும் நடுவில் புள்ளிகள் நேர்கோட்டில் நகரும்போது சில தடிமன்களில் சுழி நசுங்கித் தெரியலாம். அப்போது அந்த இடைத்தடிமனுக்கும் ஒரு வடிவத்தைக் கையால் வரைந்து நடுவே சேர்க்க வேண்டியிருக்கிறது.